ஆறு மணியா, பன்னிரண்டு மணியா?

ஜனவரி 9

அன்புள்ள மைத்துனருக்கு,

என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. உங்கள் முதுகுவலி தேவலையா என்று தெரிவிக்கவும்.

உங்கள் அக்கா செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் புறப்பட்டாள். பல் கட்டிக்கொள்ள வேண்டும், தம்பியின் பல் பட்டறை இருக்கும்போது வேறு எங்கே போவது, ஒரு வாரம் ஆகும் என்று சொன்னாள். சௌகரியமாக வந்து சேர்ந்திருப்பாள்.

இந்தக் கடிதம் வேறு விஷயமாக. என்னிடம் உள்ள ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு அரசர்கள், ஆளுக்கு ஒரு தெனாரியஸ், மரத்தட்டில் பன்னிரண்டு குழிகள். இவற்றைச் சேர்க்கப் பத்தொன்பது வருடம் ஆனது. புதன்கிழமை தட்டைத் திறந்தால் எட்டாவது குழி காலி. மூன்றே மாதம் ஆண்ட அரசனுடைய காசு அது. வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்திருப்பான். முடி வரிவரியாகக் காசிலேயே தெரியும். உங்கள் அக்கா அவனுக்கு ‘டோப்பா ராஜா’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அலமாரிக்கு அடியில் தேடிவிட்டேன். தண்ணீர் வெளியேறும் குழாயின் சல்லடையையும் கழற்றிப் பார்த்தேன். அவளுடைய தையல் சாமான்களோடு தவறிப்போய் வந்திருக்கிறதா என்று கேட்டு எழுதவும். கிடைத்தால் துணியால் துடைக்க வேண்டாம். அந்தக் கறுப்பு படிய எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

உங்கள் அத்தான்


ஜனவரி 16

அன்புள்ள அத்தானுக்கு,

முதுகுவலிக்கு என்ன, அது என்னை விட்டு எங்கே போகப்போகிறது. நாள் முழுக்கக் குனிந்து ஊரார் பல்லைச் செய்கிறவனுக்கு அது கூடப்பிறந்த சொத்து. நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

உங்கள் ராஜா பத்திரம். அக்காவின் பொத்தான் டப்பாவுக்குள் இருந்தான். எப்படி வந்தான் என்று கேட்டேன். “பொத்தானோட பொத்தானா வந்திருக்கும்”னு சொன்னாள். “பொத்தானுக்கு ஓட்டை இருக்குமே அக்கா”ன்னேன். முறைத்தாள். அதற்கு மேல் கேட்க எனக்கு எத்தனை பல் இருக்கிறது?

தபாலில் அனுப்பிவிடட்டுமா என்றதற்கு, “வேணும்னா வந்து வாங்கிக்கட்டும்”னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படியே எழுதிவிட்டேன். தூது போகிறவன் தலையைச் சீவக் கூடாது என்பார்கள்.

பல் வேலை நாலு நாளில் முடிந்துவிட்டது. ஆனால் அவள் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரிக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. அக்கா பொருமையாகத்தான் இருக்கிறாள். நீங்கள் ஒரு சனி ஞாயிறு வந்து போங்களேன்.

மைத்துனன்


ஜனவரி 24

அன்புள்ள மைத்துனருக்கு,

கடிதம் கிடைத்தது. இரவில் கொஞ்சம் சளி, மற்றபடி சுகமே. அங்கே குளிர் எப்படி?

காசு கிடைத்ததில் பெரிய நிம்மதி. நேரில் வருவது இப்போது இயலாது. அச்சகத்தில் தொலைபேசி எண் புத்தகம் நடக்கிறது. எண்களில் ஒன்று மாறினாலும் யாரோ ஒருவர் வீட்டில் நாளெல்லாம் தப்பு அழைப்பு வரும். பிழை திருத்த நானும் இன்னொருவரும்தான். அவருக்குக் கண்ணில் புரை.

ஆகவே ஒரு யோசனை. காசு இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். நீங்கள் பல்லுக்கு எடுக்கிற பிளாஸ்டரில் காசின் இரண்டு பக்கத்துக்கும் அச்சு எடுத்து அனுப்ப முடியுமா? காசு சேர்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் இப்படி அனுப்புவது பழைய வழக்கம். என்னுடைய அட்டவணையில் எட்டாவது காசின் விவரம் அரைகுறையாக நிற்கிறது. அச்சு இருந்தால் எழுதி முடித்துவிடுவேன். எடையும் வேண்டும், கிராமில், இரண்டு தசமம் வரை.

பல் வேலை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். உங்கள் கடிதத்தில் ‘பொருமை’ என்று இருக்கிறது. ‘பொறுமை’ என்பதே சரி, வல்லின ‘று’.

உங்கள் அத்தான்


பிப்ரவரி 5

அன்புள்ள அத்தானுக்கு,

சளிக்கு வெந்நீரில் ஆவி பிடியுங்கள். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம்.

அச்சு இரண்டும் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எடை 3.21. கடைவாய்ப்பல் செய்கிற தராசில் ராஜாவை ஏற்றியது இதுதான் முதல் தடவை. நேரில் வராமல் அச்சு கேட்கிறார் என்றதும் அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. பொறுமை என்றுதான் எழுத வந்தேன், அத்தான். ஆனால் அவள் இருக்கிற இருப்புக்குப் பொருமுகிறாள் என்று எழுதியதே பொருத்தம். உங்கள் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள்.

இனி சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களோடு எனக்கு என்ன ஒளிவு மறைவு? அக்காவுக்கு முன்பல் உடைந்து பதினொரு நாள் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரியவில்லை. எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். பல் கட்ட ஊருக்குப் போகிறேன் என்றபோதும் எந்தப் பல் என்று கேட்கவில்லை. சரி, போகட்டும். காசு காணோம் என்பது எப்போது தெரிந்தது? அவள் புறப்பட்ட மறுநாள். அந்தக் கணக்கைத்தான் அவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். பொத்தானோடு ஒன்றும் தவறி வரவில்லை.

எந்தப் பல் என்றாவது இப்போது தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை. அவள் வர வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். உங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்கு ஒரு வண்டி வருகிறது, மாலை ஆறு மணிக்கு ஒரு வண்டி. எதில் வரட்டும் என்று எழுதினால் நானே ஏற்றிவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போங்கள். கோபம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

மைத்துனன்


பிப்ரவரி 20
(அஞ்சலட்டை)

அன்புள்ள மைத்துனருக்கு,

சளி விட்டுவிட்டது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். அனுப்பியவை உடையாமல் வந்தன, நன்றி. இன்னும் ஒன்றுதான் தெரிய வேண்டும். ஆறு மணியா, பன்னிரண்டு மணியா? உங்கள் அக்காவைக் கேட்டு எழுதினாலும் சரி. அடுத்த சனிக்கிழமை, மார்ச் முதல் தேதி, எனக்கு விடுமுறை. அதற்குள் தெரிந்தால் அட்டவணையைப் பார்த்துத் தயாராக இருப்பேன்.

அத்தான்


பிப்ரவரி 24
(அஞ்சலட்டை)

இங்கே சுகம். தம்பி பல் கொடுக்க வெளியூர் போயிருப்பதால் நானே எழுதுகிறேன்.

ஆறு மணி.

குளிரில் நிற்க வேண்டியிருக்கும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.


மார்ச் 2

அன்புள்ள மைத்துனருக்கு,

நான் சௌக்கியம். வெளியூர்ப் பயணம் உங்கள் முதுகைப் படுத்தவில்லையே?

அஞ்சலட்டை வெள்ளிக்கிழமை கிடைத்தது. ‘ஆறு மணி’ என்று பார்த்ததும் அவ்வளவு திருப்தி. நான் எதிர்பார்த்ததும் அதுவே. நான் ஏன் கேட்டேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்காது. காசின் முகம் நேராக நிற்கும்படி மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து, அப்படியே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பின்புறத்தில் நிற்கும் பெண் நேராக வந்தால் அதைப் பன்னிரண்டு மணி என்போம். தலைகீழாக வந்தால் ஆறு மணி. கடிகார முள்ளை வைத்துச் சொல்லும் வழக்கம். இரண்டு பக்கமும் தனித்தனி அச்சாக வந்தால் இது மட்டும் தெரியாமல் போய்விடும்.

கையெழுத்து உங்கள் அக்காவுடையது. அவளே காசைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணும்போது மனதுக்கு இதமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கையில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. குளிரில் நிற்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள். அதன் பொருள் பிடிபடவில்லை. பேருந்து நிறுத்தத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று நாள் முழுவதும் வெளியே போகவில்லை. அட்டவணை மாலை ஆறு மணிக்கு மேல்தான் முடிந்தது.

உங்கள் அத்தான்


மார்ச் 3

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

சனிக்கிழமை எங்கே போயிருந்தீர்கள்? வண்டி எப்போது என்று நான் கேட்டேன். ஆறா பன்னிரண்டா என்று நீங்கள் எழுதினீர்கள். ஆறு என்று அவள் எழுதினாள். இதில் எந்த இடத்தில் குழப்பம்? வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தனக்கு ஒரு புது மேல்சட்டை தைத்தாள். வண்டி ஏற்றிவிட்டவன் நான். சன்னல் பக்கம் உட்கார்ந்து புதுப்பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்கு இறங்கினாள். ஏழரை மணிக்குத் திரும்புகிற வண்டி வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அதிலேயே ஏறி வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீடு பத்து நிமிட நடை. “போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே அக்கா, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லாம இருந்திருந்தா?”ன்னு கேட்டேன். “தட்டப் போனேன். ரோட்டுலேர்ந்து பார்த்தா அந்த ரூம்ல விளக்கு எரியுது. குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்காரு. உடம்பு நல்லாத்தான் இருக்கு”ன்னாள்.

அப்புறம் புதுச்சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மைத்துனன்


மார்ச் 8

அத்தானுக்கு,

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் என் கடிதத்தோடு வழியில் மோதிக்கொண்டு வந்து சேர்ந்தது. படித்தேன். அக்காவிடம் கொடுத்தேன். அவளும் படித்தாள். மணி என்றால் இதுதானா என்று பொத்தான் டப்பாவைத் திறந்து காசை எடுத்து, நீங்கள் எழுதியிருந்தபடியே பிடித்துத் திருப்பினாள். “ஆறுதான். தலைகீழாத்தான் நிக்கிறா”ன்னு சொல்லிட்டுக் காசை உள்ளே போட்டு மூடிவிட்டாள். கண்ணைப் பொத்திக்கொண்டு எறிந்த கல் காயில் பட்ட கதைதான்.

இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு இந்தக் கடிகாரக் கதையை ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா? உங்கள்மேல் இருந்த கோபம் போய் இப்போது பாவமாக இருக்கிறது. அது கோபத்தைவிட மோசம்.

இத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. அதுவும் அச்சுதான், காசு இல்லை. பல் கட்டுவதற்கு முன்னால் அக்காவின் வாயில் எடுத்தது. பட்டறையில் சும்மா கிடந்தது. உங்களிடம் பூதக்கண்ணாடி இருக்கிறதே, பாருங்கள். அனுப்புவது அவளுக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கோபத்தோடு எழுதவில்லை.

மைத்துனன்


மார்ச் 30
(அஞ்சலட்டை)

அத்தானுக்கு,

கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறீர்களே. பொட்டலம் வந்ததா, உடைந்ததா? சுகமாக இருக்கிறீர்கள் என்றாவது ஒரு வரி போடுங்கள். அக்கா கேட்கவில்லை, ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசல் பக்கம் அவளுக்கு ஏதோ வேலை வந்துவிடுகிறது.

மைத்துனன்


ஏப்ரல் 11

உனக்கு,

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டில் ‘இந்தா’ என்றால் திரும்பிப் பார்ப்பாய். கடிதத்தில் அது ஒட்டவில்லை. நான் உடலால் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

உன் தம்பி ஓர் அச்சு அனுப்பினார். உனக்குத் தெரியாமல் அனுப்பியது, அவரைத் திட்டாதே. ஒரு மாதமாக மேசைமேல் இருக்கிறது. முதல் நாள் எடை போட்டேன். என் புத்தி அப்படி. நாற்பத்தேழு கிராம். அதன் பிறகு எடை போடவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உடைந்தது மேல்வரிசையில், இடப்பக்கம், நடுவிலிருந்து இரண்டாவது. பாதிக்கு மேல் போய்விட்டிருக்கிறது, சாய்வாக. எப்படி உடைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முன்பல் ஒன்றின் விளிம்பில் சிறிய பள்ளம் இருக்கிறது. பல நாள் என்னவென்று புரியவில்லை. நூலைக் கத்தரிக்காமல் கடித்தே அறுப்பாயே, அதுதான் என்று போன வாரம் தோன்றியது. அத்தனை ஆழம் விழ எத்தனை ஆயிரம் நூலோ. கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்மேல் ஏறி நிற்கிறது. கல்யாணத்தன்று எடுத்த படத்தில் தேடினேன். அதில் நீ வாயை மூடியிருக்கிறாய்.

அந்தப் பதினொரு நாளும் நீ கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசியது எனக்கு நினைவிருக்கிறது. கவனிக்காமல் இல்லை. இருமல் என்று நினைத்தேன். மருந்து வாங்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன உடம்புக்கு என்று கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி நேரத்தைப் பற்றி உன் தம்பி எழுதிய பகுதியை நான் படித்தேன். எந்தப் பல் என்ற கேள்வியையும் படித்தேன். பதில் தெரியாததால் இரண்டையும் தாண்டிக் காசுக்குப் போய்விட்டேன். அஞ்சலட்டை எழுதும்போது வண்டி என் நினைவில் இல்லை. நினைவில் வராதபடி வைத்துக்கொண்டேன் என்பதே உண்மை. அச்சகத்தில் ஒரு வரியைத் தாண்டினால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். நீ தெருவில் நின்று என்னைப் பார்த்திருக்கிறாய். நான் நிமிர்ந்திருந்தால் போதும்.

நீ எப்போது வருகிறாய் என்று ஜனவரியிலேயே கேட்க நினைத்தேன். கேட்டால், வரவில்லை என்று நீ எழுதிவிடுவாய் என்று பயம். கேட்காத வரைக்கும் நீ பல் கட்டத்தான் போயிருந்தாய். சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை நான் வீட்டில் செய்ததில்லை. இப்போது போடுகிறேன்.

நீ வருவாயா? அல்லது நான் வரட்டுமா?


ஏப்ரல் 20

கடிதம் வந்தது. எனக்கும் அதே சங்கடம்தான். ‘ஏங்க’ என்று எழுதிப் பார்த்தேன், யாரையோ கடைத்தெருவில் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அதனால் எதுவும் போடவில்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் அப்போதும் இல்லை. ஆனாலும் அந்த மருந்தை நான் குடித்தேன். வாங்கி வந்தீர்களே என்று குடித்தேன். ஒரு பாட்டில் முழுக்க.

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். டோப்பா ராஜாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். அப்புறம்தான் நம்பினேன்.

அன்று பெஞ்சில் எனக்குக் கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. இறங்கினவர்களை எல்லாம் யாராவது வந்து அழைத்துப் போனார்கள். சீட்டு வாங்குகிறவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தோமே என்று அழுகை வந்தது. அதை மறக்க எனக்கு நாள் ஆகும். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

பல் எப்படி உடைந்தது என்று கடிதத்தில் சொல்ல முடியாது, நேரில்தான் சொல்ல வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி பட்டறையில் மெழுகுப் பல் செதுக்கப் பழகியிருக்கிறேன். தையல் கை, சீக்கிரம் வந்துவிட்டது. எடுத்த வேலை பாக்கி இருக்கிறது. நான் இப்போது அங்கே வருவதாக இல்லை.

நான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள்.

எந்த வண்டி என்று எழுத வேண்டாம். நான் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன், தம்பியையும் அனுப்ப மாட்டேன். அவன் இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினாறு வருஷம் ஆகிறது. நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை, வழி தெரியாது. இறங்கியதும் அங்கே நிற்கிற யாரையாவது கூப்பிட்டு, பல் பட்டறை எங்கே என்று விசாரியுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அடுத்தவரை. கேட்டால் சொல்வார்கள்.